சுகமானேன் என்று மாத்திரையை நிறுத்தலாமா?

உங்களில் அநேகர் சொந்த ஊரை விட்டு, பிழைப்புக்காகப் பெருநகரங்களில் வந்து குடியேறியவர்கள். உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, மாரடைப்பு வந்து பிழைத்த ஒருவர் இருக்கக்கூடும். அவருக்காகவும், அவரைப் பராமரிக்கிற உங்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இதை எழுதும்படி என்னை நெருக்குகிற காரியம் ஒன்று உண்டு. அதை முதலாவது சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, மும்பை தாராவியில் எங்கள் சபையில் ஒரு சகோதரர் இருந்தார். வயது 48. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சிறுவயதிலேயே வந்தவர். அதிகாலை 3 மணிக்கு எழுந்து இட்லி அவித்து, சைக்கிளில் கொண்டுபோய் விற்று, மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். ஒரு நாள் விற்பனைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நல்ல வேளையாக உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். சபையாக ஊக்கமாய் ஜெபித்தோம். ஐந்தாம் நாள் வீடு திரும்பினார்.

எட்டு மாதங்களுக்குப் பின், ஒரு ஞாயிறு ஆராதனையில் அவர் சாட்சி சொல்ல எழுந்து நின்றார். தாம் பூரண சுகம் பெற்றுவிட்டதாகவும், இனி மாத்திரை தேவையில்லை என்று விசுவாசித்து, இரண்டு வாரங்களாக ஒரு மாத்திரையும் எடுக்கவில்லை என்றும் சொன்னார். சபை முழுவதும் கரம் தட்டி ஸ்தோத்திரம் செலுத்தியது. மேடையில் நின்ற நானும் கரம் தட்டினேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை விடியற்காலையில், அடுப்பின் அருகிலேயே அவர் விழுந்தார். மருத்துவமனையில் சேர்த்தபோது உயிர் இருந்தது. ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது என்றார்கள். எவ்வளவோ முயன்றும் காப்பாற்ற இயலவில்லை. அடக்கம் முடிந்து சில நாட்கள் சென்றபின் அவருடைய மனைவி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "ஐயா, அன்றைக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் கேட்டிருப்பாரே?"

என்னிடம் பதில் இல்லை. வேதாகமக் கல்லூரியில் வியாதியஸ்தரைச் சந்தித்து ஜெபிப்பது எப்படி என்று எனக்குக் கற்றுத் தந்தார்கள். அவர்கள் தலைமாட்டில் இருக்கும் மாத்திரைகள் எதற்கானவை என்று நான் ஒருநாளும் கேட்டு அறிந்ததில்லை. அதன் பிறகுதான், எங்கள் சபையைச் சேர்ந்தவரும், ஒரு மருத்துவமனையின் இருதயப் பிரிவில் இருபது ஆண்டுகளாகப் பணிபுரிகிறவருமான செவிலியச் சகோதரியின் வீட்டிற்கு நோட்டுப் புத்தகத்துடன் போய் உட்கார்ந்தேன். அவரிடமும், பின்பு மருத்துவர்களிடமும், புத்தகங்களிலும் கற்றவற்றையே உங்களுக்குச் சொல்லுகிறேன்.

மாரடைப்பில் நடப்பது என்ன?

உடல் முழுவதற்கும் இரத்தம் அனுப்புகிற இருதயம், தனக்கு வேண்டிய இரத்தத்தைத் தன்மேல் படர்ந்திருக்கும் கரோனரி தமனிகளின் வழியாகவே பெறுகிறது. புகைபிடித்தல், சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு, மிகுந்த கொழுப்பு ஆகியவற்றால் அத்தமனிகளின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் கொழுப்பு படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவு வெடிக்கிறது. வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. அதற்கு அப்பால் உள்ள தசைக்கு இரத்தம் போவதில்லை. ஏறக்குறைய அரைமணி நேரத்தில் அந்தத் தசை சாகத் தொடங்குகிறது. 6 முதல் 12 மணி நேரத்திற்குள் பெரும்பகுதி செத்துப்போகிறது. செத்த தசை மறுபடியும் வளர்வதில்லை. அது வடுவாக மாறிவிடுகிறது.

ஆகையால்தான் மருத்துவர்கள் நேரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். நடு நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, வாந்தி, மூச்சுத்திணறல் ஆகியவை அடையாளங்கள். பெண்களுக்கும் சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலி இல்லாமல், மூச்சுத்திணறலும் சோர்வும் வியர்வையும் மாத்திரம் வருவதுண்டு. நம் ஜனங்கள் இதை "கேஸ்" என்று எண்ணி, சோடா குடித்து, ஓமம் மென்று, ஒரு இரவைக் கடத்திவிடுகிறார்கள். அந்த ஒரு இரவில் இருதயத்தின் ஒரு பகுதியே போய்விடுகிறது.

அடையாளம் கண்டவுடன் ஆம்புலன்ஸை அழையுங்கள். மகாராஷ்டிரா, கர்நாடகம், குஜராத் உட்படப் பல மாநிலங்களில் எண் 108. நீங்கள் இருக்கும் நகரத்தில் எது என்பதை இன்றே விசாரித்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். நோயாளியை நடக்க விடாதீர்கள். சாளின் குறுகிய படிக்கட்டானாலும் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி இறக்குங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தக் கசிவு நோயோ இல்லாதவருக்கு, 300 அல்லது 325 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுக்கும்படி மருத்துவர்கள் சொல்லுவார்கள். நாவின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை, மருத்துவர் முன்னமே எழுதிக் கொடுத்திருந்தால் மாத்திரம், உட்கார்ந்த நிலையில் வையுங்கள். அது இரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடும். ஆண்மைக் குறைவுக்காகச் சில்டெனாபில் போன்ற மாத்திரை எடுத்தவர், அதை வெட்கத்தினால் மறைத்து சார்பிட்ரேட் வைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

நோயாளி நினைவிழந்து மூச்சும் நின்றுபோனால், ஜெபித்துக்கொண்டே இரு கைகளாலும் அவர் நடு மார்பை அழுத்துங்கள். 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு, நிமிடத்திற்கு 100 முதல் 120 தடவை, உதவி வரும்வரை நிறுத்தாமல் அழுத்த வேண்டும்.

ஆஸ்பிரினைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். 1988இல் வெளியான ஐசிஸ்-2 என்னும் ஆய்வில், மாரடைப்பு வந்த 17,187 பேரைக் கவனித்தார்கள். ஆஸ்பிரின் மாத்திரம் பெற்றவர்களிடத்தில், ஐந்து வாரங்களுக்குள் இருதய, இரத்தக்குழாய் நோயால் நேரும் மரணம் 23 சதவீதம் குறைந்தது. உறைவைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியையும் சேர்த்துப் பெற்றவர்களிடத்தில் 42 சதவீதம் குறைந்தது. சில ரூபாய்க்குக் கிடைக்கும் மாத்திரை அது!

செவிலியர் விழித்திருப்பதால்

1960களுக்கு முன்பு, மாரடைப்புடன் மருத்துவமனைக்கு வந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் அங்கேயே இறந்தார்கள். இருதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகி நின்றுவிடுவது ஒரு முக்கியக் காரணம். 1962இல் அமெரிக்காவில் இருதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் தொடங்கின. பிலடெல்பியாவில் டாக்டர் லாரன்ஸ் மெல்ட்சர் செவிலியருக்கு ஈ.சி.ஜி. படிக்கக் கற்றுக்கொடுத்து, துடிப்பு தாறுமாறானால் மருத்துவருக்குக் காத்திராமல் அவர்களே மின் அதிர்ச்சி கொடுக்கும்படி பயிற்றுவித்தார். இத்தகைய பிரிவுகளால் மரணம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. புது மருந்து அல்ல, கட்டிலருகே விழித்திருந்த பயிற்சி பெற்ற கண்களே அந்த உயிர்களைக் காத்தன.

இன்றும் அப்படியே. செவிலியர் திரையைக் கவனிக்கிறார். இரத்த அழுத்தம் பார்க்கிறார். தொடையிலோ மணிக்கட்டிலோ குழாய் செலுத்திய இடத்தில் இரத்தம் கசிகிறதா என்று பார்க்கிறார். குடித்த நீரையும் கழித்த சிறுநீரையும் அளந்து எழுதுகிறார். ஆக்சிஜன் எல்லோருக்கும் வைக்கப்படுவதில்லை. இரத்தத்தில் அதன் அளவு 90 சதவீதத்திற்குக் குறைந்தால்தான் அது தேவை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆகவே முகமூடி வைக்கவில்லை என்று செவிலியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மலச்சிக்கலுக்கு மருந்து கொடுப்பதும் காரணத்தோடுதான். முக்கி மலம் கழிப்பது அந்நாட்களில் இருதயத்திற்கு ஆகாது.

இங்கே நமக்கும் ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு விசுவாசி தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால், நாம் பத்துப் பேராகப் போகிறோம். உரத்த சத்தமாய் ஜெபிக்கிறோம். பழரசமும் ஹார்லிக்ஸும் ஊட்டுகிறோம். நாம் போனபின் நோயாளியின் துடிப்பும் அழுத்தமும் ஏறியிருப்பதைச் செவிலியர் பார்க்கிறார். "பாஸ்டர், நீங்க ஒருத்தர் மட்டும் வாங்க, ரெண்டு நிமிஷம் மெதுவா ஜெபம் பண்ணுங்க, மத்தவங்க வீட்ல இருந்து ஜெபிக்கட்டும். கர்த்தருக்கு அங்கேயிருந்தும் கேட்கும்" என்றார் நம் செவிலியச் சகோதரி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார், எனக்கோ வெட்கமாயிருந்தது.

மாத்திரைப் பெட்டியில் இருப்பவை

வீடு திரும்புகிறவரின் கையில் ஐந்தாறு வகை மாத்திரைகள் இருக்கும். ஒவ்வொன்றும் வெவ்வேறு வேலை செய்கிறது.

முதலாவது, ஆஸ்பிரினும் அதன் துணையான குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலர் என்பதும். இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இவை காக்கின்றன. ஸ்டென்ட் என்பது இரத்தக்குழாய்க்குள் வைத்த ஓர் அந்நிய உலோக வலை. அதன்மேல் உட்தோல் வளர்ந்து மூடும்வரை இரத்தம் அதன்மேல் உறையப் பார்க்கும். ஆகவே மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவருக்கு இவ்விரண்டையும் பெரும்பாலும் 12 மாதங்கள் கொடுத்து, பின்பு ஒன்றைத் தொடரச் சொல்லுகிறார்கள். நம் சகோதரர் எட்டாம் மாதத்தில் நிறுத்தியது இவ்விரண்டையும்தான். கறுப்பாய் மலம் போனாலோ, இரத்தம் கசிந்தாலோ மருத்துவரிடம் ஓடுங்கள். பல் பிடுங்கப் போனாலும், இவற்றை நிறுத்தலாமா என்பதை இருதய மருத்துவரே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மாத்திரை. கொழுப்பைக் குறைப்பதோடு, தமனியில் உள்ள படிவு மறுபடியும் வெடிக்காதபடி அதை உறுதியாக்குகிறது. "கொலஸ்ட்ரால் நார்மல் ஆகிவிட்டதே" என்று நிறுத்துகிறவர் உண்டு. நார்மல் ஆனது மாத்திரையினால்தான். தாங்காத தசைவலியோ, காப்பி நிறத்தில் சிறுநீரோ வந்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

மூன்றாவது, மெட்டோப்ரோலால், கார்வெடிலால், பிசோப்ரோலால் என்னும் பீட்டா பிளாக்கர்கள். இவை துடிப்பை நிதானப்படுத்தி இருதயத்தின் வேலைச் சுமையைக் குறைக்கின்றன. இவற்றைச் சடுதியில் நிறுத்தினால் துடிப்பு பாய்ந்து ஏறும். மறு மாரடைப்புக்கும் அது வழியாகும். மணிக்கட்டில் ஒரு முழு நிமிடம் நாடி எண்ணப் பழகுங்கள். 50க்குக் கீழே போனாலோ, தலை சுற்றினாலோ, அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். ஆஸ்துமா இருந்தால் முன்னமே சொல்லிவிடுங்கள்.

நான்காவது, ராமிப்ரில், எனலாப்ரில் போன்றவை. இரத்தக்குழாயைத் தளர்த்தி, இருதயத்தின் உருவம் விரிந்து கெட்டுப்போகாமல் காக்கின்றன. சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். அப்போது இருமல் மருந்து வாங்கிக் குடியாமல், மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். உதடோ நாக்கோ வீங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இம்மருந்து ஆகாது.

இதயத் தசை நோய்

மாரடைப்பினால் தசை பெருமளவு செத்துப்போனால், மீந்த இருதயம் பலவீனப்படும். மாரடைப்பே இல்லாமல் தசையே நோயுறுவதும் உண்டு. இதை மருத்துவர்கள் கார்டியோமயோபதி என்பார்கள். சிலருக்கு இருதயம் பலூன்போல விரிந்து மெலிகிறது. சிலருக்குத் தசை தடித்துப்போகிறது. மதுபானம், வைரஸ் கிருமி, பிறவியில் வரும் மரபணு ஆகியவை காரணங்களில் சில. ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானிகளும் மற்றவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, இந்நோயோடு தொடர்புடைய ஒரு மரபணு மாற்றம் தென்னாசிய மக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பேரிடத்தில் இருப்பதைக் காட்டியது. இருக்கிற எல்லோருக்கும் நோய் வரும் என்பதல்ல. ஆயினும் வீட்டில் ஒருவருக்குத் தசை நோய் என்றால், உடன்பிறந்தவரும் பிள்ளைகளும் ஒருமுறை எக்கோ பரிசோதனை செய்துகொள்வது ஞானம்.

எக்கோ அறிக்கையில் "இ.எஃப்." என்று ஓர் எண் இருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் இருதயம் தன்னிலுள்ள இரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதே அது. 55க்கு மேல் இயல்பு. 40க்குக் கீழே என்றால் பலவீனம். 100க்கு 55 மதிப்பெண்தானா என்று பயப்படாதீர்கள். இது பரீட்சை அல்ல.

இப்படிப் பலவீனப்பட்ட இருதயத்திற்கு, முன்சொன்ன பீட்டா பிளாக்கருடன் இன்னும் மூன்று வகை மருந்துகளைச் சேர்த்து நான்கு தூண்கள் என்கிறார்கள். ராமிப்ரில் வகை அல்லது அதற்குப் பதிலாகச் சாக்குபிட்ரில்-வல்சார்டான் ஒன்று. ஸ்பைரனோலாக்டோன் மற்றொன்று. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், கடும் இருதய பலவீனம் உள்ளவர்களின் மரணத்தை இது 30 சதவீதம் குறைத்தது. சர்க்கரை வியாதிக்காக வந்த டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் என்பவை நான்காவது தூண். சர்க்கரை வியாதி இல்லாதவர்களுக்கும் இவை பயன்படுகின்றன என்பது 2019 முதல் தெளிவாயிற்று. இவற்றோடு, தேங்கிய நீரைச் சிறுநீராய் வெளியேற்ற ஃபுரோசமைடு கொடுக்கிறார்கள். அதைக் காலையில் எடுத்தால் இரவு தூக்கம் கெடாது.

நிறுத்தலாமா என்ற கேள்விக்கு வருவோம். இருதயத் தசை விரிந்து பலவீனப்பட்டு, மருந்தினால் எக்கோ இயல்புக்குத் திரும்பி, எந்தத் தொந்தரவும் இல்லாதிருந்த 51 பேரை லண்டனில் மருத்துவர்கள் ஆய்வு செய்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். மருத்துவரின் கண்காணிப்பிலேயே 25 பேருக்கு மருந்தைப் படிப்படியாய் நிறுத்தினார்கள். ஆறு மாதங்களுக்குள் அவர்களில் 11 பேருக்கு நோய் திரும்பிவிட்டது. மருந்தைத் தொடர்ந்த 26 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை. பிரியமானவர்களே, இதைக் கவனியுங்கள். அவர்கள் நலமாயிருந்தார்கள், பரிசோதனையும் நலம் என்றே சொன்னது. ஆயினும் அந்த நலம் மாத்திரையின்மேல் நின்றுகொண்டிருந்தது.

வீட்டில் நீங்களே செவிலியர்

மருத்துவமனையில் நாட்கள் கொஞ்சம்; வீட்டில் ஆண்டுகள் அநேகம். அங்கே செவிலியர் நீங்கள்தான்.

இருதய பலவீனம் உள்ளவரைத் தினமும் காலையில், சிறுநீர் கழித்தபின், உண்ணுமுன், எடை பார்த்து நாட்காட்டியில் எழுதுங்கள். மூன்று நாட்களில் 2 கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். கால் வீங்குமுன்னே எடை சொல்லிவிடும். இரண்டு தலையணையில் தூங்கினவர் மூன்று கேட்டாலோ, நடுராத்திரியில் மூச்சுமுட்டி எழுந்து உட்கார்ந்தாலோ, காலைவரை காத்திராதீர்கள்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மிஞ்சலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் நொறுக்குத்தீனி, வயிற்று உப்புசத்திற்குப் பொங்கவிட்டுக் குடிக்கும் தூள் ஆகிய எல்லாவற்றிலும் உப்பு மறைந்திருக்கிறது. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும். ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் எடுக்கிறவருக்கு உடலில் பொட்டாசியம் ஏற்கனவே ஏறக்கூடும். அதிகமானால் இருதயம் நின்றே போகலாம். நல்லது என்று எண்ணித் தினமும் கொடுக்கும் இளநீரும் அப்படியே. ஆகவே மருத்துவர் சொன்ன நாளில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பரிசோதியுங்கள்.

முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், ஐபுப்ரோபன் மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பலவீனமான இருதயத்தை மூழ்கடிக்கும். சுமை தூக்கி உழைக்கிற நம் சகோதரர்கள் இதை நினைவில் கொள்ளக்கடவர்கள். வலி இருந்தால் மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள்.

படுக்கையிலேயே வைத்திருப்பதும் தவறு. ஒரு காலத்தில் ஆறு வாரம் அசையாமல் படுக்க வைத்தார்கள். 1952இல் லெவைன், லவுன் என்னும் இரு மருத்துவர்கள் நோயாளிகளை நாற்காலியில் உட்கார வைத்து, அது பாதுகாப்பானது, நல்லது என்று காட்டினார்கள். இன்று மருத்துவர் சொல்லும் அளவின்படி முதல் வாரத்திலேயே வீட்டுக்குள் நடை, பின்பு தெருவில் நடை. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்கக் கூடிய வேகம் போதும். இரண்டு மாடிப் படி சிரமமின்றி ஏற முடிந்தால் தாம்பத்திய உறவுக்கும் பெரும்பாலும் தடையில்லை. கேட்க வெட்கப்படுகிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

மாரடைப்புக்குப் பின் பலர் மனச்சோர்வில் விழுகிறார்கள். எரிச்சல், அழுகை, தூக்கமின்மை, ஜெபிக்கவும் மனமின்மை ஆகியவை வரலாம். இதை அவிசுவாசம் என்று கடிந்துகொள்ளாதீர்கள். அதற்கும் வைத்தியம் உண்டு.

உபவாசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபுரோசமைடு எடுக்கிறவர் தண்ணீரில்லாமல் உபவாசித்தால் இரத்த அழுத்தம் விழும், சிறுநீரகம் கெடும். டாபாகிளிப்ளோசின் வகை எடுக்கிறவர் உணவின்றி இருந்தால் இரத்தத்தில் அமிலம் ஏறலாம். உபவாச நாட்களில் மாத்திரையை நிறுத்துவதும் தவறு. மாத்திரையோடு பட்டினி கிடப்பதும் தவறு. மருத்துவர் அனுமதியாவிடில் உண்டு ஜெபியுங்கள்.

ஊருக்குப் போகும்போது

மே மாதத்திலும் கிறிஸ்மஸிலும் குடும்பமாக ஊருக்குப் போகிறோம். அநேகருக்கு மாத்திரை நின்றுபோவது அங்கேதான். பெட்டியில் புதுத்துணி இருக்கும். மாத்திரை பாதியில் தீர்ந்துவிடும். போகும் நாட்களுக்கும், அதற்கு மேல் பத்து நாட்களுக்கும் வாங்கிக்கொள்ளுங்கள். ரயிலில் சாமான் பெட்டியில் அல்ல, கைப்பையில் வையுங்கள். கம்பெனிப் பெயர் ஊருக்கு ஊர் மாறும். மருந்தின் மூலப் பெயரையும் மில்லிகிராம் அளவையும் ஒரு தாளில் எழுதி, சமீபத்திய ஈ.சி.ஜி., எக்கோ நகல்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பணமில்லாமல் நிறுத்துகிறவர்களும் உண்டு. அவர்கள் சாட்சி சொல்லுவதில்லை, மௌனமாய் நிறுத்திவிடுகிறார்கள். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் இம்மாத்திரைகளில் பல குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஸ்டென்ட் விலைக்கும் 2017 பிப்ரவரியில் அரசு உச்சவரம்பு விதித்தது. ஆயுஷ்மான் பாரத் அட்டையோ இ.எஸ்.ஐ. உரிமையோ உண்டா என்று விசாரியுங்கள். சபைகளும் கவனிக்கட்டும். மாதந்தோறும் ஒரு ஏழைக் குடும்பத்தின் மாத்திரைச் செலவை ஏற்பதும் ஊழியமே.

சாட்சி சொல்லும்போது

தேவன் சுகமாக்குகிறவர் என்பதை நான் முப்பது ஆண்டுகளாகப் பிரசங்கித்து வருகிறேன், இன்றும் பிரசங்கிக்கிறேன். ஆனால் வேதம் மருந்தை இகழவில்லை. எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு, தேவ மனிதனே அத்திப்பழ அடையைப் பற்றுப் போடச் சொன்னான். சுவிசேஷம் எழுதிய லூக்கா வைத்தியன். நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததோடு போய்விடவில்லை. சத்திரக்காரன் கையில் பணம் கொடுத்து, தான் திரும்பிவரும்வரை பராமரிக்கச் சொன்னான். முதலுதவிக்குப் பின் தொடர்ந்த பராமரிப்புக்கும் அவன் ஏற்பாடு செய்தான்.

கடந்த ஆண்டுகளில் எங்கள் சபையில் ஓர் இளம் சகோதரிக்கு, பிரசவமான மூன்றாம் வாரத்தில் மூச்சுத்திணறல் கண்டது. பிள்ளை பெற்ற அசதி என்றே வீட்டார் எண்ணினார்கள். எக்கோவில் இ.எஃப். 25 என்று வந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவத்திற்குப் பின் ஐந்து மாதம் வரை சில தாய்மாருக்கு வரும் தசை நோய் அது. மருந்து தொடங்கினார்கள், செவிலியச் சகோதரி வாரந்தோறும் போய் எடையும் நாடியும் பார்த்தார், நாங்கள் ஜெபித்தோம். ஓராண்டில் அந்த எண் 52 ஆயிற்று. இன்னொரு கர்ப்பத்தைப் பற்றி மருத்துவரைக் கேளாமல் யோசிக்கக் கூடாது என்றும், மாத்திரையைத் தொடர வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார்.

அவர் பிள்ளையோடு சாட்சி சொல்ல எழுந்தார். சபை கரம் தட்டியது. நானும் தட்டினேன். பின்பு ஒலிபெருக்கியை வாங்கி, "சகோதரி, இன்று ராத்திரி மாத்திரை உண்டா?" என்று கேட்டேன். "உண்டு பாஸ்டர்" என்றார். "சபையே கேளுங்கள். மருத்துவர் சொல்லாமல் இந்தச் சபையில் ஒருவரும் மாத்திரையை நிறுத்தக்கூடாது. தேவன் சுகம் தந்தால் மருத்துவரின் பரிசோதனையிலும் அது தெரியும், அவரே குறைக்கட்டும்" என்றேன். இட்லி விற்ற சகோதரரின் மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கொடுக்க வேண்டிய பதில் பிந்தி வந்தது என்பதை அறிவேன்.

அன்பான வாசகரே, இந்தப் பக்கத்தை மடித்து வைக்குமுன் உங்கள் வீட்டு நோயாளியின் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். எது தீர்ந்திருக்கிறது, எது நின்றிருக்கிறது என்று கேளுங்கள். நீங்கள் போதகரானால், அடுத்த முறை ஒருவர் சுகசாட்சி சொல்லி முடித்தவுடன், மாத்திரையைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேளாமற்போன வார்த்தை அது.